தோக்குக்கு வைத்த பித்தளைப் பூ

என் கணவர் வளைகுடாவிலிருந்து மூட்டை முடிச்சோடு திரும்பி வந்த பிறகு எங்கள் வீட்டில் பழுது என்று ஒன்று மிச்சமில்லாமல் போயிற்று. வந்த வாரமே வாசல் கேட்டைக் கழற்றி மாட்டினார். அடுத்து கிணற்று மோட்டார், மிக்ஸி, தையல் மிஷின், அடுக்களைக் கதவின் கொண்டி. எல்லாவற்றையும் பிரித்துத் தரையில் பரப்பினார். எல்லாவற்றையும் சரியாகத்தான் பூட்டினார், அதைச் சொல்லாமல் விட்டால் என் நாக்கு அழுகிப்போகும். கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் லேத் ஓட்டித் தேய்ந்த கை அது. ஆனால் திருவட்டாறில் கப்பல் ஏது? ரப்பர் ஷீட் அடிக்கும் மிஷின் நின்ற பின்பக்கத்துக் கொட்டகையைக் காலிசெய்து, பழைய லேத் ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டார். காலையில் குளித்துத் திருநீறு பூசி, ஆபீசுக்குப் போகிறவர் மாதிரி அங்கே போய் உட்காருவார். செய்வதற்கு வேலைதான் இல்லை.

அவர் அங்கே இருந்த காலமெல்லாம் மனுஷன் எப்போது வருவார் என்று ஏங்கினவள் நான். வந்து சேர்ந்த பிறகு, மனுஷன் எப்போது கொஞ்ச நேரம் வெளியே போவார் என்று இருந்தது. இரண்டும் உண்மைதான், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

"ஏட்டி, நம்ம வீட்டுல வேற ஒண்ணும் இளகிக் கெடக்கலியா?" என்று கேட்டுக்கொண்டு அடுக்களைக்கு வருவார்.

"என் தலைதான் இளகிக் கெடக்கு. பூட்டித் தருவியளா?" என்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் அவருடைய கண் என் தோக்கின் மேல் விழுந்தது.

துப்பாக்கிக்கு எங்கள் பக்கத்தில் தோக்கு என்றுதான் பெயர். என்னுடையது காற்றை அடைத்துச் சுடுகிற கைத்துப்பாக்கி, விளையாட்டுக்கு உள்ளது. பத்து மீட்டர் தள்ளி ஓர் அட்டை, அட்டையில் கறுப்பு வட்டம், வட்டத்துக்குள் வட்டம். மிளகு அளவு ஈயக் குண்டு. மரவள்ளிக்கிழங்கு போட்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி வந்து, "யக்கா, மரச்சீனி தோண்ட வாற பன்னியைச் சுட்டுத் தருவியளா?" என்று கேட்டாள். சுடலாம், பன்னிக்கு முதுகு சொறிந்துவிட்ட மாதிரி சுகமாக இருக்கும் என்றேன். அன்றிலிருந்து அவள் எனக்கு வைத்த பெயர் தோக்குக்காரி. பெயர் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

மார்த்தாண்டத்தில் ஒரு லேபில் இரத்தம் எடுப்பது என் வேலை. கண்ணுக்கே தெரியாத நரம்பிலும் ஒரே குத்தில் எடுத்துவிடுவேன். லேபை நடத்துகிற டாக்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் நாகர்கோவில் பக்கத்தில் ஒரு துப்பாக்கிச் சங்கத்துக்குப் போய்ச் சுடுகிறவர். உங்க கை அசையவே மாட்டேங்குதே, ஒரு நாள் சும்மா வந்து பாருங்க என்றார். சும்மாதான் போனேன். மூச்சைப் பாதி விட்டு, மீதியைப் பிடித்துக்கொண்டு, முன்குறியை வட்டத்தின் அடியில் நிறுத்தி விரலை இழுக்கிற அந்த ஒரு நொடியில் உலகத்தில் யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. உலையில் அரிசி போட்டேனா என்ற யோசனைகூட வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு நொடி எனக்கு வாய்த்ததில்லை. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்னை யாராலும் பிடித்து நிறுத்த முடியவில்லை. சங்கத்தில் ஒருவர் புதிதாக வாங்கிக்கொண்டு பழையதை விற்றார், அதை நான் வாங்கினேன். கறுப்புப் பூச்சு அங்கங்கே போய், பழைய இட்லிக் கொப்பரை மாதிரி இருக்கும். குறி ஓரளவு சரியாகவே இருந்தது.

மதுரையில் ஆண்டுதோறும் ஒரு போட்டி நடக்கும். அதில் ஒரு தகுதி மதிப்பெண் உண்டு. அதை எடுத்தால் சென்னையில் நடக்கும் மாநிலப் போட்டியில் நிற்கலாம். முந்தின வருஷம் மயிரிழையில் விட்டுவிட்டேன், வீட்டுக்கு வந்து குளியலறையில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன். இந்த வருஷம் கவலை வேறு. எனக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டது. துப்பாக்கியின் நுனியில் இருக்கிற முன்குறி, கை நீளத்துக்கு அப்பால் இருப்பது, ஓரங்களில் கரைய ஆரம்பித்திருந்தது. கண் டாக்டர் கண்ணாடியை மாற்றித் தந்தார். அடுத்த வருஷம் இன்னும் மாறும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மதுரையை விட்டால் இனி இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மாநிலப் போட்டியில் ஒரு தடவை நிற்க வேண்டும். ஜெயிக்க வேண்டாம், நின்றால் போதும். இது என் மனதில் கிடந்த ஒரே ஆசை, அதை அவரிடமும் சொல்லியிருந்தேன்.

கேட்டுக்கொண்டு எழுந்து போனவர், கடிகாரம் பழுதுபார்க்கிறவர்கள் கண்ணில் வைக்கும் பூதக்கண்ணாடி ஒன்றோடு வந்தார். துப்பாக்கியைத் திறந்து, உள்ளே குண்டு இல்லை என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டோம். பிறகு குழலின் நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்க வாயைப் பாத்தியா?"

"தோக்குக்கு வாயா?"

"குண்டு வெளிய சாடுற இடம். இஞ்ச ஒரு சின்னப் பொளிவு இருக்கு. யாரோ எங்கயோ இடிச்சிருக்கான். குண்டு போற போக்குல காத்து ஒரு பக்கமாத் தட்டிவிடும். நீ என்ன கையை ஒதுக்கிப் பிடிச்சாலும் ஒண்ணும் நடக்காது."

நானும் பார்த்தேன். நகம் பட்ட அளவு ஒரு வடு. ஓர் உருண்டைத் தலைப் பித்தளை ஆணியில் மெருகுப் பசையைத் தடவி, அதைக் குழலின் வாயில் வைத்து விரலால் உருட்டிக்கொண்டே இருந்தார். ரேடியோவில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, அவர் முகத்தில் வெகுநாளாகப் பார்க்காத ஓர் அமைதி. எனக்கு அதைப் பார்க்கப் பிடித்திருந்தது. வடு போயிற்று.

பின்பக்கத்தில் அடுக்களைச் சுவரிலிருந்து கொட்டகை வரை கயிறு பிடித்துப் பத்து மீட்டர் அளந்தோம். சாக்கு நிறைய ஒட்டுப்பாலை அடைத்து அதன்மேல் அட்டையைக் குத்தினார். ஒட்டுப்பால் என்றால் ரப்பர் மரத்துச் சிரட்டையில் உறைந்து கிடக்கும் மிச்சப் பால். நாற்றம் குடலைப் பிடுங்கும், ஆனால் போன குண்டு திரும்பி வராது. மூக்கைச் சுருக்கிக்கொண்டு சுட்டேன். கோழிக்கு எறிந்த அரிசி மாதிரி சிதறிக்கொண்டிருந்த ஓட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விழுந்தன. எனக்கு உள்ளே சந்தோஷம் பொங்கிற்று.

"கொள்ளாமா?" என்றார்.

எங்கள் பக்கத்தில் கொள்ளாம் என்றால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். சோறு கொள்ளாம், மாப்பிள்ளை கொள்ளாம், புதுச் சேலை கொள்ளாம். கிழக்கே போனால் இந்த வார்த்தை யாருக்கும் விளங்காது.

"பாக்கலாம்" என்றேன்.

என் வாயிலிருந்து கொள்ளாம் என்பது லேசில் வராது என்று எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அதற்குக் காரணம் உண்டு. இந்த மனுஷனிடம் ஒன்றைக் கொள்ளாம் என்று சொல்லிவிட்டால் அதோடு நிறுத்த மாட்டார். கேட் கொள்ளாம் என்று சொன்னதற்கு அதன்மேல் இரண்டு மயிலை வைத்தவர். இந்தத் தடவை நான் சொல்லாமலே ஆரம்பித்துவிட்டார், என்ன செய்ய?

"சுடும்போ நுனி மேல எழும்புகு. முன்னால கொஞ்சம் எடை இருந்தா அடங்கும்" என்றார். அது சரிதான். பலரும் முன்னால் எடை பூட்டித்தான் சுடுகிறார்கள். குழலின் மேல் உறை போல ஏறுகிற மாதிரி பித்தளையில் ஒன்று கடைந்து தருகிறேன் என்றார். சரி என்று நான் வேலைக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால் அவர் கடைந்து வைத்திருந்தது நிலைவிளக்கின் தண்டு. வளையம், வளையத்துக்கு மேல் குமிழ், குமிழுக்கு மேல் மறுபடி வளையம். திரி போட்டால் ஏற்றிவிடலாம்.

"இது என்னவாக்கும்?"

"எடை வேணும்னா அது பாக்கவும் லெட்சணமா இருந்தா என்ன கொறஞ்சு போவும்? இவ்வளவு வருசம் கப்பலுக்கு உருப்படி செஞ்சேன். எல்லாம் தண்ணிக்கு அடியில கெடக்கும், ஒருத்தனும் பாக்க மாட்டான். இது உனக்க கையில இருக்கும்லா."

இதற்கு மேல் என்ன சண்டை போடுவது? மீன்கறிக்கு வைத்திருந்த புளியை எடுத்துத் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினார். அன்றைக்குத் தேங்காய்ப்பட்டணத்துச் சாளை மீன் வெறும் மாங்காயில் வெந்தது. மாட்டிச் சுட்டுப் பார்த்தேன். நுனி அடங்கியது உண்மை. ஆனால் மேல் பக்கத்து மினுக்கம் கண்ணைக் குத்தியது, முன்குறியே தெரியவில்லை. மேலே கறுப்பு அடித்துத் தாருங்கள் என்றேன். மனுஷன் ராத்திரி சோறு தின்னவில்லை. மறுநாள் மேல் பக்கத்தில் மட்டும் ஒரு பட்டையாகக் கறுப்பு அடித்துக் கொண்டுவந்தார், பிணத்துக்கு மாலை போடுகிறவர் முகத்தோடு.

விதிகளை அவர் மறக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். துப்பாக்கி இவ்வளவு எடைக்கு மேல் போகக்கூடாது. பரிசோதனை மேசையில் ஒரு பெட்டி வைத்திருப்பார்கள், அந்தப் பெட்டிக்குள் துப்பாக்கி அடங்கி மூடி மூட வேண்டும். எடைக்கு நகைக்கடைத் தராசில் கொண்டுபோய் வைத்தார். கடைக்காரர், அண்ணாச்சி இதுக்கு முத்திரை குத்தணுமா என்று கேட்டாராம். பெட்டிக்கு அதே அளவில் பிளைவுட்டில் ஒன்று அடித்துச் சோதித்தார். அடங்கியது. அதோடு நின்றிருந்தால் இதை எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால் நுனியில் ஒரு பூ வைத்தார். விரிந்த தாமரை, விரல் அகலம்தான் இருக்கும். ஒவ்வொரு இதழும் தனித்தனியாக அரத்தால் ராவியது, எனக்குக் காட்டாமல் ஒரு மாசமாகச் செய்தாராம். நடுவில் இருக்கிற துவாரத்தின் வழியாகத்தான் குண்டு வெளியே போகும். மரையை இறுக்கிப் பசை ஊற்றிவிட்டார், நான் செத்தாலும் இது கழலாது என்றார். அதைப் படம் எடுத்து, போட்டி அறிவிப்பில் நம்பர் போட்டிருந்த, கருவிகளைப் பரிசோதிக்கும் மதுரைக்காரத் தம்பிக்கு அனுப்பிவிட்டு, போனையும் போட்டார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"சார், போட்டோ பாத்தியளா? கொள்ளாமா?"

"கொள்ளும் சார். பாத்தா கொள்ளுற மாதிரிதான் இருக்கு."

"உள்ளதா?"

"கொள்ளும், கொள்ளும். ஒண்ணும் பயப்படாதீங்க."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கேட்டியா? மதுரைக்காரனே கொள்ளாம்னு சொல்லியாச்சு. உனக்குத்தான் வாயில கொழுக்கட்டை." மதுரைப் பக்கம் கொள்ளாமைக் கொள்ளும் என்று சொல்வார்கள் போலிருக்கிறது என்று நானும் நினைத்துக்கொண்டேன். பிளைவுட் பெட்டி கொட்டகையில் கிடந்தது. பூவோடு அதில் ஒரு தடவை வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

மதுரையில் போட்டி நடந்த இடத்தின் வாசலில் பெயர் எழுத ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என் கணவர் பையை மேசைமேல் வைத்து, "தோக்கு கொண்டு வந்திருக்கோம்" என்றார்.

"வரும்போதே தோக்குறதைக் கொண்டு வந்துட்டீங்களா?" என்று அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பரிசோதனை மேசையில் அந்தத் தம்பி. ஒல்லியாக, மரியாதையாக இருந்தான். துப்பாக்கியைப் பார்த்ததும் அவன் கண் விரிந்தது, என் கணவரின் நெஞ்சு விரிந்தது. எடை போட்டான், சரி. விசையில் எடையைத் தொங்கவிட்டுப் பார்த்தான், சரி. பெட்டியில் வைத்தான். குறுக்காக வைத்தான், திருப்பி வைத்தான். மூடியை அழுத்தினான்.

"சார், இது கொள்ளல."

என் கணவரின் முகம் கறுத்தது. "கொள்ளலியா? அண்ணைக்கு கொள்ளாம்னு சொன்னது நீருதானே?"

"கொள்ளும்னு நெனச்சேன் சார். நேர்ல பாத்தா கொள்ளல."

"நேர்ல பாத்தாத்தான் வே இன்னும் கொள்ளாம். போட்டோவுல என்ன தெரியும்? தொட்டுப் பாரும். இந்த இதழ் ஒவ்வொண்ணும் கையால ராவினதாக்கும். எந்த இதழ் கொள்ளாதுன்னு சொல்லும், நான் கேக்குகேன்."

"இதழு மொத்தமுமே கொள்ளல சார். அந்தப் பூதான் பிரச்சினை."

"பூவுல என்ன குத்தம் கண்டீரு?"

"குத்தம் இல்ல சார், ரொம்ப அழகா இருக்கு. ஆனா கொள்ளல."

"அழகா இருக்கு, ஆனா கொள்ளாது. இது என்ன பேச்சு வே?"

பின்னால் வரிசையில் நின்றவர்கள் கழுத்தை நீட்டினார்கள். தம்பி பாவமாக என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில்தான் எனக்கு விளங்கிற்று. அவன் சொல்கிற கொள்ளும் வேறு, நாங்கள் கேட்ட கொள்ளாம் வேறு. அன்றைக்கு போனிலும் அப்படித்தான்.

"ஏங்க, நிறுத்துங்க" என்றேன். "அவரு அழகைச் சொல்லல, அளவைச் சொல்லுகாரு. தோக்கு பெட்டிக்குள்ள அடங்கல."

மனுஷன் குனிந்து பெட்டியைப் பார்த்தார். பூவின் இதழ் நுனிகள் மூடியை முட்டிக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தன. விரல் அகலம்.

"இதோட சுட விட மாட்டியளா?" என்று தம்பியிடம் கேட்டேன்.

"விட முடியாதுங்க அக்கா. நீங்க ரெண்டாவது சுற்றுதானே? அதுக்குள்ள சரிபண்ணிக் கொண்டுவந்தா மறுபடி பார்த்து முத்திரை ஒட்டித் தர்றேன்."

சரிபண்ணுவது என்றால் கழற்றுவது. கழலாது என்று பசை ஊற்றினவர் பக்கத்தில்தான் நிற்கிறார். நான் அவரைத் திட்டியிருக்க வேண்டும், திட்டுவதற்கு வார்த்தைகளும் வரிசையாக வந்து நின்றன. முந்தின வருஷத்துக் குளியலறை, கரைகிற முன்குறி எல்லாம் நினைவில் வந்தன. ஒரு பூவுக்காக என் மதுரை போகப்போகிறது. அவர் முகத்தைப் பார்த்தேன், திட்ட வரவில்லை.

"அறுக்கவா?" என்று கேட்டார்.

ஒரு மாசத்துக் காலை வேளைகள் எல்லாம் அந்தப் பூவில் இருந்தன. ரேடியோவை வைத்துக்கொண்டு, திருநீறோடு, அவர் வேலைக்குப் போன காலைகள். ஆனால் எனக்கு மாநிலப் போட்டியில் நிற்க வேண்டும்.

"அறுங்க" என்றேன். அந்தச் சொல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

அந்தத் தம்பியே காவல்காரர் அறைக்கு ஓடி இரும்பு அறுக்கிற வாளும் ஓர் அரமும் கொண்டுவந்தான். கேன்டீனுக்குப் பின்னால் ஒரு கல்மேடை கிடந்தது. துப்பாக்கியைப் பிடித்துக்கொள்ள என் கணவர் ஆள் தேடினார். நான் கையை நீட்டினேன்.

"நீ தொடாண்டாம். வாளு உதறும், கை நடுங்கிப்போவும். நீ அங்க போய் கையை மடியில வச்சுட்டு இரி." அதட்டலாகத்தான் சொன்னார்.

தம்பியே மேடைமேல் குத்தவைத்துத் துப்பாக்கியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தான். வாளை வைக்கும் முன் இவர் நிறுத்தி என்னைப் பார்த்தார். "பொடி வாய்க்குள்ள போயிரப்பிடாது. பஞ்சு இருக்கா?" இரத்தம் எடுக்கிறவள் பையில் பஞ்சு இல்லாமல் இருக்குமா? ஒரு துண்டைக் கிள்ளிக் கொடுத்தேன். குழலின் வாயில் அடைத்துக்கொண்டார்.

பூவின் கழுத்தில் வாள் ஓடிற்று. சற்று முன் சண்டை போட்டவர்கள் இரண்டு பேரும் ஒருவர் மூச்சு ஒருவர்மேல் பட வேலை பார்த்தார்கள். பூ கல்லின்மேல் விழுந்து டிங் என்றது. தம்பி அதை எடுத்து, சட்டையில் துடைத்து, இவர் கையில் கொடுத்தான். இவர் அதைப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டு அரத்தை எடுத்தார். வெட்டின இடத்தை ராவி, துடைத்து, பஞ்சை எடுத்துப்போட்டு, பூதக்கண்ணாடியில் வாயைச் சுற்றிலும் பார்த்தார். குழலின் வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

பெட்டி மூடிற்று. இந்தத் தடவை தம்பி யோசித்து வார்த்தையைத் தேர்ந்தெடுத்தான். "அடங்குது சார்" என்றான்.

சுடுகிற இடத்தில் போய் நின்றேன். முதல் குண்டுகள் இடமும் வலமுமாகப் போயின. திரையில் எண்களைப் பார்க்கப் பார்க்கப் பயம் கூடிற்று. துப்பாக்கியை இறக்கி வைத்துவிட்டுக் கண்ணை மூடினேன். என்னென்னவோ நினைவு வந்தது, ஒட்டுப்பால் நாற்றம்கூட வந்தது. அதில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் சுட்டுக்கொண்டிருந்த பெண் திரும்பி முறைத்தாள். சிரித்த பிறகு மூச்சு அதன் இடத்துக்கு வந்தது. தூக்கினேன். பூ போனதில் எடை ஒரு துளி குறைந்திருந்தது, கைக்கு அது இன்னும் இதமாகத்தான் இருந்தது. முன்குறி ஓரத்தில் கரைந்தது, கரையட்டும் என்று விட்டேன். நுனி எழும்பவில்லை. குண்டுகள் நடுவைத் தேடிப் போக ஆரம்பித்தன.

கடைசிக் குண்டுக்கு முன் கணக்குப் பார்க்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் பார்த்தேன். நல்ல குண்டு ஒன்று வேண்டும், சுமாரானது போதாது. விரல் விசையில் இருந்தது. உலகத்தில் யாரும் என்னிடம் எதையும் கேட்காத அந்த நொடி வந்தது. இழுத்தேன்.

திரையில் வந்த எண்ணைப் பார்த்து நான் கத்தவில்லை. துப்பாக்கியைத் திறந்து காலி என்று காட்டி, மேசைமேல் வைத்து, அனுமதி வந்த பிறகு பையில் போட்டேன். மயிரிழையில்தான், ஆனால் இந்தத் தடவை மயிரிழை என் பக்கம் இருந்தது.

அவர் உள்ளே வந்து பார்க்கவேயில்லை. வெளியே ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, அறுத்த பூவைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார். ஜெயித்தாயா என்று கேட்கவில்லை. கேட்கப் பயம் என்று தெரிந்தது.

"தோக்கு எப்பிடி இருந்து?"

"கொள்ளாம்" என்றேன்.

அவர் பூவை உருட்டுவதை நிறுத்தினார். "எது? பெட்டியில அடங்குனதையா சொல்லுக?"

"பெட்டி கெடக்கட்டு. தோக்கு கொள்ளாம். அதுக்க வாய் கொள்ளாம். நீங்க செஞ்சது கொள்ளாம். நான் சென்னைக்குப் போறேன்."

தலையைத் திருப்பிக்கொண்டார். மூக்கை உறிஞ்சினார்.

"பஞ்சு இருக்கா?" என்றார். "கண்ணுல பித்தளைப் பொடி விழுந்துட்டு."

பித்தளை அறுத்துப் பல மணி நேரம் ஆகியிருந்தது. நான் பையைத் திறந்து பஞ்சு கொடுத்தேன். எனக்கும் ஒரு துண்டு கிள்ளிக்கொண்டேன்.

ஊருக்கு வரும் பேருந்தில் ஜன்னலோரம் எனக்கு. பை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில். வள்ளியூர் தாண்டி மலை தெரிய ஆரம்பித்ததும் அவர் பையை மெல்லத் தட்டினார்.

"அந்தக் கைப்பிடி இருக்குல்லா," என்றார், "அது வெறும் மொட்டைத் தடியாட்டு கெடக்கு. நல்ல ஈட்டி மரத்துத் தடி ஒரு துண்டு கெடச்சா..."

நான் பையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.